லிப்யானியின் நான்காம் படை

வெண்டெலின் ஹ்ருஷ்கா நகராட்சிக்குப் போனது ஒரு லாரியைத் திருப்பிக் கேட்கத்தான். வெளியே வரும்போது அவர் ஒரு போரில் பங்காளியாகியிருந்தார் என்றால், அதற்கு அவர் பொறுப்பல்ல. சவரம் செய்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பார்க்க நம்பிக்கைக்குரிய ஆளாகப் போய் நின்றது ஒன்றுதான் அவர் பக்கத்துத் தப்பு.

லாரி, பள்ளிச் சாப்பாட்டு லாரி. நீல நிறம். இடது கதவு உள்ளேயிருந்து மட்டும் திறக்கும், வலது கதவு வெளியேயிருந்து மட்டும் திறக்கும். எங்கள் லிப்யானிக்கு மேலே மலையில் நான்கு குக்கிராமங்கள். அங்கே நான்கு பள்ளிக்கூடங்களில் இருநூற்றுப் பதினாலு பிள்ளைகள். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு காலையும் சூடான ரொட்டியையும் பாலையும் ஏற்றிக்கொண்டு வெண்டெலினே ஓட்டிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். தொண்ணூற்றிரண்டாம் வருடம் பிப்ரவரி மாதக் கடைசி செவ்வாய்க்கிழமை, "தற்காப்பு நலன் கருதி" என்று ஒரு சீட்டை ஒட்டி லாரியை எடுத்துக்கொண்டுபோய் நகராட்சி முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவர் கடன் வாங்கிய ஒரு குதிரை வண்டியில் போனார். குதிரைக்கு வயது இருபத்தொன்று. அது இரண்டாவது கிராமம் வரை போகும், அங்கே நின்று யோசிக்கும், பிறகு திரும்பிவிடும். மேல் இரண்டு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வெறும் சோளக்கூழ்.

முற்றத்தில் லாரியின் மேல் மூன்று பூட்டுகள் தொங்கின. தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லாமே மூன்று. செர்பியர்களுக்கு ஒரு கட்சி, குரோவாசியர்களுக்கு ஒரு கட்சி, முஸ்லிம்களுக்கு ஒரு கட்சி. மூன்றும் சேர்ந்து ஆட்சி. அதனால் தலைவர்கள் மூன்று பேர், சுழல் நாற்காலிகள் மூன்று, தலைவர் கழிப்பறைக்குச் சாவிகள் மூன்று. தட்டச்சு செய்யும் யாத்ரான்கா ஒவ்வொரு தீர்மானத்தையும் மூன்று மொழிகளில் அடிக்க வேண்டும். மூன்றும் ஒரே மொழிதான். முதலில் அவள் கார்பன் தாள் வைத்து ஒரேயடியாக அடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டுபிடித்து, மொழிகளை அவமதித்ததாக மூன்று கட்சிகளும் கண்டித்தன. இப்போது மூன்று தடவை தனித்தனியாக அடிக்கிறாள்.

தலைவர்கள் மூவரும் ஊருக்குப் புதியவர்கள் அல்ல. செர்பியக் கட்சியின் வுயாதின் பல் மருத்துவர். குரோவாசியக் கட்சியின் ப்ளாஷ் கால்நடை மருத்துவர். முஸ்லிம் கட்சியின் சுல்ஃபோ தபால் நிலைய மேலாளர். இருபத்திரண்டு வருடமாக வியாழன்தோறும் மூவரும் சீட்டாடுகிறவர்கள். அது மூன்று பேர் ஆடும் ஆட்டம்.

"தோழர் தலைவர்களே," என்று ஆரம்பித்தார் வெண்டெலின்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் முகம் கோணியது.

"ஐயான்னு சொல்லுப்பா," என்றார் வுயாதின். "தோழர் எல்லாம் போன வருஷத்தோட முடிஞ்சுபோச்சு."

"மன்னிக்கணும் ஐயா. என் லாரி..."

"உன் லாரியா? அது மக்களோட லாரி," என்றார் ப்ளாஷ்.

"எந்த மக்களோடது?" என்று சுல்ஃபோ சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மூன்று காபிக் கோப்பைகளும் ஒரே நேரத்தில் மேஜைக்கு இறங்கின.

ப்ளாஷ் அவசரமாக மேஜையில் இருந்த மக்கள்தொகைக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். "வெண்டெலின், நீ யாரு? அதாவது, எந்த இனம்?"

"என் கொள்ளுத்தாத்தா பேரரசர் காலத்துல செக் நாட்டுலேருந்து பீர் காய்ச்ச வந்தாரு ஐயா. அப்புறம் இங்கே பிளம் சாராயத்தைப் பார்த்துட்டு அந்தத் தொழிலை விட்டுட்டாரு."

புத்தகத்தில் இருந்தது: லிப்யானி நகராட்சி. மற்றவர்கள்: 1. அவருடைய மனைவி ருஷேனா கணக்கெடுப்பு நாளன்று அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் அவளை அந்த ஊரில் எண்ணிவிட்டார்கள். ஆக எங்கள் நகராட்சியில் 'மற்றவர்கள்' என்ற பிரிவு முழுவதும் அந்த நல்ல கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது.

மூன்று தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுல்ஃபோ எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"வெண்டெலின், ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். காலம் கெட்டுக் கிடக்கு. நம்ம ஊரும் தற்காப்புக்குத் தயாராகணும். சாமான் வாங்கணும். எங்க மூணு பேருக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு முழு நம்பிக்கை இருக்கு. அந்த நம்பிக்கையைக் காப்பாத்தத்தான் நாலாவதா ஒரு ஆள் தேவைப்படுது."

"நான் ரொட்டியும் பாலும் வாங்கறவன் ஐயா."

"கொள்முதல்னா கொள்முதல்தானே," என்றார் வுயாதின். "ரொட்டியையும் எண்ணித்தான் வாங்கறே, துப்பாக்கியையும் எண்ணித்தான் வாங்கப்போறே."

"லாரி?"

"கொள்முதல் முடிஞ்ச அன்னிக்கே உன் கையில லாரி," என்று மூவரும் சேர்ந்தாற்போல் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக வெண்டெலின், 'பொதுமக்கள் தற்காப்பு மற்றும் சமூக சுய பாதுகாப்புக் கொள்முதல் மூவர் குழுவின் நான்காவது உறுப்பினர்' ஆனார்.

வீட்டில் ருஷேனா முழுப் பெயரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"லாரியைக் கேக்கப் போனே. போரை வாங்கிட்டு வந்திருக்கே," என்றாள். "நான் உப்பு வாங்கிட்டு வரச் சொன்னேனே, அது எங்கே?"

முதல் வேலை படிவம். பெல்கிரேடில் எப்போதோ அச்சடித்த படிவம், பதினெட்டுப் பக்கம். யாத்ரான்கா வாசிக்க, தலைவர்கள் பதில் சொல்ல, வெண்டெலின் எழுதினார். சரக்கு வந்து சேர வேண்டிய இடம், பள்ளி உடற்பயிற்சிக் கூடம். சேமிப்பு நிலைமை, லேசான ஈரம். எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டம் வந்தது.

"எதிரியின் பெயரும் முகவரியும்," என்று யாத்ரான்கா வாசித்தாள்.

வுயாதின் சன்னலைப் பார்த்தார். ப்ளாஷ் தன் பைப்பைச் சுத்தம் செய்தார். சுல்ஃபோ சர்க்கரையே போடாத காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"காலியா விட்டுடலாமா?" என்றார் வெண்டெலின்.

"காலியா விட்டா படிவம் திரும்பி வந்துடும்," என்றாள் யாத்ரான்கா. "போன தடவை சோப்பு வாங்கறப்போ 'அழுக்கின் வகை'ங்கிற கட்டத்தைக் காலியா விட்டோம். எட்டு மாசம் ஆச்சு."

"எதிரின்னு குறிப்பா யாரும் இல்லையே," என்றார் வுயாதின். "நாங்க அமைதி விரும்பிகள். தாக்கினா மட்டும்தான் தற்காப்பு."

"யாரு தாக்கினா ஐயா?" இது வெண்டெலின். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"அதை அவங்கதான் முடிவு பண்ணணும்," என்றார் ப்ளாஷ், யாரையும் பார்க்காமல்.

முக்கால் மணி நேரம் கழித்து யாத்ரான்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேலே 'கொள்முதலுக்குப் பொறுப்பாளர்கள்' என்ற இடத்தில் மூன்று தலைவர்களின் பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன. கீழே 'எதிரி' என்ற இடத்தில் அவள் ஒரே ஒரு சொல்லை அடித்தாள்: மேற்படியார். மூவரும் அதைப் படித்துப் பார்த்தார்கள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒவ்வொருவர் கண்ணுக்கும் மற்ற இரண்டு பெயர்கள் மட்டுமே பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது சீருடை. ஒரே நிறமா, வேறு வேறு நிறமா என்று இரண்டு நாள் கூட்டம் நடந்தது. வேறு நிறம் கொடுத்தால் யாருக்கு நல்ல நிறம் போனது என்ற சண்டை வரும் என்றார் சுல்ஃபோ. சமத்துவம்தான் நம் குடியரசின் அடித்தளம் என்றார் வுயாதின். ஒரே பச்சை, ஒரே துணி, ஒரே தையல் என்று முடிவாயிற்று.

"ஐயா, எல்லாரும் ஒரே மாதிரி உடுத்திக்கிட்டா, யாரை யார் சுடறதுன்னு எப்படித் தெரியும்?" என்று வெண்டெலின் கேட்டார்.

மூவரும் அவரை அன்போடு பார்த்தார்கள்.

"அது பயன்படுத்தறவங்க பிரச்னை," என்றார் ப்ளாஷ். "கொள்முதல் குழு அதுல தலையிடக் கூடாது."

சரக்கு வந்தது. தொழிற்சாலை எல்லாவற்றையும் பத்து, நூறு, ஆயிரமாகத்தான் கட்டி அனுப்பும். முதலில் வந்தது பூட்ஸ், ஆயிரம் ஜோடி. உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் சுண்ணாம்பால் மூன்று கட்டம் போட்டு, வெண்டெலின் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வைத்தார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அடுத்ததில் ஒன்று. மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு கட்டத்திலும் முந்நூற்று முப்பத்துமூன்று ஜோடி இருந்தது. அவர் கையில் ஒரு ஜோடி இருந்தது.

கூடத்தில் மூன்று கட்சித் தொண்டர்களும் ஓர் அடி முன்னே வந்தார்கள்.

"அதை இங்கே வை," என்றார் வுயாதின்.

"வெச்சா?" என்றார் சுல்ஃபோ.

"வெச்சா ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா இங்கே வைக்கட்டுமே."

குரல்கள் ஏறின. அந்த ஒரு ஜோடி பூட்ஸுக்காகப் போர் மூன்று வாரம் முன்னாடியே ஆரம்பித்திருக்கும். யாத்ரான்காதான் பின்னல் ஊசியைக் காதுக்கு மேலே செருகிக்கொண்டு பங்கீட்டு விதிகளைப் புரட்டினாள். "விதி பதினாலு. 'சமமாகப் பங்கிட்டபின் மிஞ்சுவது மற்றவர்களைச் சேரும்.' புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் பங்கு போடறதுக்காக நீங்களே போட்ட விதி. மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தலைவர்களுக்கு நிம்மதி. எதிரிக்குப் போகாத பூட்ஸ் எங்கே போனால் என்ன? வெண்டெலின் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். அது நாற்பத்தாறாம் அளவு. அவர் காலுக்கு நாற்பத்தொன்று.

பத்தையோ நூறையோ ஆயிரத்தையோ எதை மூன்றால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொழிற்சாலையில் யாருக்கும் தெரியவில்லை. நூறு தலைக்கவசம் வந்தது, ஒன்று மிஞ்சியது. நூறு துப்பாக்கி, ஒன்று மிஞ்சியது. பத்துத் தொலைநோக்கி, பத்துக் கூடாரம், பத்து ஊதுகொம்பு, பத்துச் சிறு பீரங்கி. தொழிற்சாலைக்குப் போன் போட்டு ஒன்பது அனுப்பக் கேட்டார்கள். பெட்டியைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். இரண்டு வாரத்தில் வெண்டெலினின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரமும், அதன் வாசலில் ஒரு பீரங்கியும் நின்றன. ருஷேனா துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைப் பீரங்கியில் கட்டிக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல நீ வீட்டுக்குக் கொண்டுவந்ததுல நேரா நிக்கிறது இது ஒண்ணுதான்," என்றாள்.

பகலெல்லாம் வெண்டெலின் எண்ணிப் பங்கு வைத்தார். விடியற்காலையில் குதிரையோடு மலையேறினார். குதிரை இரண்டாவது கிராமத்தில் நின்று யோசித்தது. ஒரு தடவை அங்கிருந்து அவரே முதுகில் ஒரு மூட்டை ரொட்டியைச் சுமந்துகொண்டு மூன்றாவது கிராமம் வரை போய்ப் பார்த்தார். மேலே போய்ச் சேரும்போது மத்தியானம். ரொட்டி கல்லாகியிருந்தது. ஆசிரியை ஒருத்தி அதைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபடி, "லாரி எப்போ அண்ணே வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

"கொள்முதல் முடிஞ்ச அன்னிக்கு," என்றார் வெண்டெலின். அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. நாலாவது கிராமத்துக்கு அவரால் போகவே முடியவில்லை.

ஒரு நாள் அவருக்குப் பல் வலி வந்தது. வுயாதினின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தார். வுயாதின் வாய்க்குள் பஞ்சை அடைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குனிந்து கிசுகிசுத்தார்.

"உன் படையில மொத்தம் எத்தனை பேரு?"

வெண்டெலின் விழித்தார். பஞ்சு வாயை அடைத்திருந்தது.

"சொல்ல மாட்டே. நல்ல தளபதி சொல்லவே மாட்டான். மத்த ரெண்டு பேரும் உங்கிட்ட வந்தாங்களா?"

துரப்பணம் சுற்றிக்கொண்டிருந்தது. அது தன் பல்லை நெருங்குவதைப் பார்த்து வெண்டெலினின் கண்ணில் நீர் முட்டியது.

"அழாதே. புரியுது. வற்புறுத்தறாங்க," என்றார் வுயாதின். அன்று சாயங்காலமே அவருடைய கட்சித் தலைமைக்கு ஓர் அறிக்கை போனது: லிப்யானியில் நான்காவது படை ஒன்று உருவாகியிருக்கிறது, பீரங்கி வைத்திருக்கிறது, தளபதி கடும் சித்திரவதையிலும் வாய் திறக்கவில்லை.

ப்ளாஷ் வேறு வழியில் வந்தார். அழைக்காமலே வந்து வெண்டெலினின் பன்றியைப் பரிசோதித்தார். அது நலமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, கூடாரத்தின் அளவைத் தன் நடையால் எட்டு எட்டாக அளந்துகொண்டு போனார். சுல்ஃபோ தபால் நிலையத்தில் இருந்தபடியே வேலையை முடித்தார். ருஷேனா அக்காவிடம் போனில், "ஞாயித்துக்கிழமைக்கு நாப்பது கொழுக்கட்டை, உள்ளே பிளம் வெச்சது," என்று சொன்னதை ஒட்டுக்கேட்டு, 'ஞாயிறன்று நாற்பது. உள்ளே நிரப்பப்பட்டவை' என்று குறித்துக்கொண்டார்.

மூவரும் அடுத்த வியாழக்கிழமை சீட்டாடவில்லை. மூன்று பேர் ஆட்டத்தில் நாலாவது ஆள் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால், கையில் உள்ள சீட்டை யாருக்குக் காட்டாமல் பிடிப்பது?

மார்ச் மாதக் கடைசி வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு, இறுதிக் கூட்டம். கொள்முதல் முடிந்துவிட்டது. வெண்டெலின் வரும் வழியில் ரொட்டிக்கடைக்காரனிடம் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார்: இருநூற்றுப் பதினாலு ரொட்டி, துணி போட்டு மூடி வை, லாரியோடு வருகிறேன்.

பொருள் ஒன்று, சொத்துப் பங்கீடு. பொருள் இரண்டு, போர்.

பொருள் இரண்டை முதலில் கொஞ்சம் பேசினார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை. ஞாயிறு பூசை. திங்கள் சந்தை. செவ்வாய்க்கிழமை பல் பிடுங்கும் நாள். புதன்கிழமை நூறு கன்றுகளுக்கு ஊசி. சனிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று. காபிக்குப் பிறகு.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாமே சமமாப் பங்கு பிரிஞ்சிருக்கணும்," என்றார் சுல்ஃபோ. "நாங்க காட்டுமிராண்டிங்க இல்ல. நாளைக்கு யாரும் 'எனக்குக் குறைச்சுக் கொடுத்துட்டு அடிச்சாங்க'ன்னு சொல்லக் கூடாது பாருங்க."

"மிகச் சரி," என்றார் ப்ளாஷ். "சமமான எதிரியை அடிச்சாத்தான் பெருமை."

வெண்டெலின் தொண்டையைச் செருமினார். "ஐயா, கொள்முதல் முடிஞ்சுது. லாரி..."

"லாரி தற்காப்புச் சொத்து, வரிசை எண் நாப்பத்தேழு," என்றார் வுயாதின். "குண்டையெல்லாம் கிடங்குலேருந்து எதுல ஏத்தறது? உன் குதிரையிலயா?"

"சொன்னீங்களே ஐயா. மூணு பேரும் சொன்னீங்களே."

"அப்போ சொன்னது அமைதிக் காலத்துல," என்றார் ப்ளாஷ்.

வெண்டெலினுக்குக் மூட்டை சுமந்த முதுகு வலித்தது. அந்த ஆசிரியை ரொட்டியைத் தண்ணீரில் நனைத்த விதம் கண்ணுக்குள் வந்தது. அவர் வாழ்க்கையிலேயே ஒரு கூட்டத்தில் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பலகைக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தியவனைப் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, லாரி ஒண்ணுதானே இருக்கு. ஒண்ணை மூணால வகுத்தா?"

"ஆளுக்குப் பூஜ்யம்," என்றாள் யாத்ரான்கா, தட்டச்சிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "மீதி ஒண்ணு. விதி பதினாலு."

மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஆனால் மூவரும் சட்டத்தை மதிக்கிறவர்கள். அதைவிட முக்கியமாக, லாரி மற்ற இருவருக்கும் போகவில்லை.

"சரி, போகட்டும். அடுத்தது," என்றார் வுயாதின் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரிசை எண் நாப்பத்தெட்டு," என்று வாசித்தாள் யாத்ரான்கா. "வெடிமருந்துக் கிடங்கு. எண்ணிக்கை, ஒண்ணு."

மூன்று தலைகளும் வெண்டெலின் பக்கம் திரும்பின.

"எனக்கு அது வேண்டாம் ஐயா," என்று பதறினார் வெண்டெலின். "லாரி மட்டும் போதும்."

"வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை கிடையாது!" என்று சுல்ஃபோ மேஜையைத் தட்டினார். "நீ வாங்கிக்கலைன்னா அது இவங்க ரெண்டு பேருல ஒருத்தன் கைக்குப் போகும். விதின்னா விதி. பிடி!"

கிடங்குச் சாவி வெண்டெலினின் கையில் திணிக்கப்பட்டது. துப்பாக்கிகளை முன்பே பங்கு போட்டாயிற்று. குண்டுகள் மட்டும் அந்தக் கிடங்குக்குள் இருந்தன. தொடர்ந்து பாலம் வந்தது, எண்ணிக்கை ஒன்று. வானொலிக் கோபுரம், ஒன்று. ஆஸ்பத்திரி, ஒன்று. குன்றின் மேல் பீரங்கி வைக்கத் தோதான சமதளம், ஒன்று. வெண்டெலின் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்டார். பதினோராவது கையெழுத்தில் பேனா மை தீர்ந்தது. ப்ளாஷ் தன் பேனாவைக் கொடுத்தார். அது தங்க நிப் வைத்த ஒரே பேனா என்பதால் அதையும் எழுதிக்கொள்ள யாத்ரான்கா தட்டச்சில் கை வைத்தாள். அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

ஒன்பதரை மணிக்கு மூன்று தலைவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சனிக்கிழமைப் போருக்கு அவர்களிடம் மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஜோடி பூட்ஸும், குண்டில்லாத தொண்ணூற்றொன்பது துப்பாக்கியும் இருந்தன. போரை நடத்தத் தேவையான மற்றதெல்லாம் மற்றவர்களிடம் இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் ப்ளாஷ். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "இந்த ஆளு உண்மையில மற்றவர்களே இல்ல. இவரு ஞானஸ்நானம் வாங்கினது எங்க கோயில்ல. கத்தோலிக்கர். அதாவது குரோவாசியர். எங்க ஆளு!"

"யாரு சொன்னது?" என்று எழுந்தார் சுல்ஃபோ. "ஏழு வயசுல இவருக்கு ஆஸ்பத்திரியில ஒரு சின்ன அறுவை நடந்தது. எங்க அப்பா பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாரு, கண்ணால பார்த்த சாட்சி. அந்த வகையில இவரு பிறவியிலேயே எங்க ஆளு."

"அது ஏழு வயசுல நடந்ததா, பிறவியிலயா?" என்றாள் யாத்ரான்கா. "தெளிவாச் சொல்லுங்க, நான் மூணு தடவை அடிக்கணும்."

"ரெண்டும் இல்ல!" என்றார் வுயாதின். "இந்த வாயைப் பாருங்க. திறப்பா. ஆ காட்டு. மேல் வரிசை முழுக்க நான் கட்டினது. இந்தாளு தலையில பாதி செர்பியத் தயாரிப்பு!"

வெண்டெலின் வாயைத் திறந்துகொண்டு நின்றார். மூடச் சொல்ல மறந்துவிட்டார்கள். இருபது நிமிடம் மூவரும் அவரைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் கைப்பிடித்து இழுத்தார், ஒருவர் கோட்டை. ரொட்டி ஆறிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொல்லப் பார்த்தார். வாய் திறந்தே இருந்ததால் சரியாக வரவில்லை.

"மூணு கோரிக்கை," என்று யாத்ரான்கா கடைசியில் சத்தமாகச் சொன்னாள். "ஆளு ஒருத்தரு. பங்கு போடுங்க."

எல்லோரும் ப்ளாஷைப் பார்த்தார்கள்.

"கால்நடை மருத்துவரா சொல்றேன்," என்றார் ப்ளாஷ் மெதுவாக, வெண்டெலினை மேலும் கீழும் பார்த்துவிட்டு. "உயிரோட பங்கு போட முடியாது."

"அப்போ ஆளுக்குப் பூஜ்யம், மீதி ஒண்ணு," என்றாள் யாத்ரான்கா. அவள் விரல்கள் ஏற்கெனவே தட்டச்சில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று மொழிகளில் மூன்று தடவை அடித்து முடித்துத் தாளை உருவி நீட்டினாள். அதில் இப்படி இருந்தது:

'வரிசை எண் அறுபத்திரண்டு. வெண்டெலின் ஹ்ருஷ்கா, எண்ணிக்கை ஒன்று. விதி பதினான்கின்படி வெண்டெலின் ஹ்ருஷ்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.'

வெண்டெலின் வாயை மூடினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மற்ற இரண்டு மொழிகளிலும் இருந்ததையும் நிதானமாகப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

முற்றத்தில் மூன்று பூட்டுகளும் மூன்று சாவிகளால் திறக்கப்பட்டன. வெண்டெலின் வலது கதவை வெளியேயிருந்து திறந்து உள்ளே ஏறி, இடது பக்கம் இருந்த ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். லாரி இருமியது. நான்கு வாரம் அசையாமல் நின்றதில் மின்கலம் செத்துப்போயிருந்தது.

அவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தோழர்களே, கொஞ்சம் தள்ளிவிடறீங்களா?"

யாரும் திருத்தவில்லை. வுயாதின் சட்டைக் கையை மடித்தார். ப்ளாஷ் பைப்பைப் பையில் போட்டார். சுல்ஃபோ, "மூணு பேரும் சேர்ந்து தள்ளணும், ஒருத்தன் தள்ளற மாதிரி நடிக்கக் கூடாது," என்று எச்சரித்துவிட்டு நடுவில் நின்றார். மூன்று தோள்களும் லாரியின் பின்பலகையில் பதிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. முற்றத்தின் கல்லில் பளபளவென்ற புதுப் பச்சை பூட்ஸுகள் வழுக்கின. வாசலுக்கு வந்ததும் லாரி ஒரு தடவை குதித்தது, கத்தியது, கரும்புகையைக் கக்கியது, ரொட்டிக்கடைப் பக்கமாக ஓடித் திரும்பி மறைந்தது.

புகைக்குள் மூன்று பேர் முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். மேலே சன்னலைத் திறந்து யாத்ரான்கா எட்டிப் பார்த்தாள்.

"பொருள் ரெண்டு என்ன எழுதட்டும்?"

"ஒத்திவைப்புன்னு போடு," என்று புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எந்தக் கட்சியின் குரல் என்று தெரியவில்லை.

"எதுவரைக்கும்?"

"இரு," என்றது குரல். "முதல்ல மூச்சு வாங்கிக்கறோம்."